ஐப்பசியில் கண்டுபிடி, சித்திரையில் கொத்து: வீட்டு ஓதத்துக்கும் பூஞ்சைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் வீடு கட்டுகிறவர் யாரும் ஈரத்தை நினைத்துக் கட்டுவதில்லை. வெயிலை நினைத்துத்தான் கட்டுகிறோம். மேற்குப் பக்கம் ஜன்னலைக் குறைக்கிறோம், மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்கிறோம், பங்குனியிலேயே ஏர்கூலரைத் துடைத்து வைக்கிறோம். எட்டு மாதத்துக்கு இதெல்லாம் சரி. புரட்டாசி பாதியைத் தாண்டி மழை பிடித்துவிட்டால் கதை வேறு. உப்பு ஜாடி கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை அடிக்கும். கார்த்திகையில் ஹால் மூலையில் கரும்புள்ளி தெரிந்ததும் வீட்டுக்காரர் பெயிண்ட் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

நானும் கிளம்பினேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. எங்கள் வீடு வைகைக்கு வடக்கே, செல்லூர்ப் பக்கம், தரைத்தளம். ஐந்து வருடத்தில் ஒரே சுவருக்கு மூன்று முறை பட்டி பார்த்து, ஓதத்தைத் தடுக்கும் என்று எழுதியிருந்த டப்பாவை வாங்கிப் பூசினேன். மூன்று முறையும் அடுத்த மழைக்கே அப்பளம்போலப் பொரிந்து உதிர்ந்தது. கடைசியில் வந்த வயதான கொத்தனார், சுவரை ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனார். இடுப்பு உயரம் வரை பொள்ளலாகக் கேட்டது. அதற்கு மேல் கெட்டிச் சத்தம்.

"இது மேலருந்து வரல தம்பி, கீழருந்து ஏறுது. நீங்க எதப் பூசுனாலும் உப்பு தள்ளிவிட்ரும்."

"அப்ப இன்னைக்கே கொத்திரலாமாண்ணே?"

"மழைக்குள்ளயா? சித்திரைக்குக் கூப்பிடுங்க."

அவர் சொன்னதுதான் இந்த வழிகாட்டியின் சாரம். மழை மாதங்களில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கொத்துவேலை, பூச்சுவேலை எல்லாம் சுவர் எலும்பு வரை காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மழையில் சுவரைப் பார்த்துப் பதறி உடனே பூசுகிறோம், வெயில் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

முதலில் ஒரு மீட்டர் வாங்குங்கள்

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் இதை வாங்குங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோல் செருப்பு, பெல்ட், பருத்தித் துணி இவற்றில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். 80க்கு மேல் சுவரே இடம் கொடுக்கும்.

விலை குறைந்த மீட்டர்கள் ஐந்து, பத்து புள்ளி தப்பாகக் காட்டுவது சகஜம். சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்து போகக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒன்றோடொன்று படாமல் ஒரு ஜிப் பையில் வைத்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது உப்பின் குணம். மீட்டர் 69 காட்டினால், இனி அது காட்டுவதோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை செய்த அன்றைக்குத்தான் அடுப்படி உப்பு ஜாடியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பிப்பதே அந்த 75க்கு மேல்தான். கல் உப்பில் கலந்திருக்கும் மற்ற உப்புகளால் அது இன்னும் கொஞ்சம் முன்னாடியே கசியும். "உப்பு தண்ணி விடுது, மழை வரும்" என்று அம்மா சொல்வதில் மழை வருகிறதோ இல்லையோ, வீட்டுக் காற்று நனைந்துவிட்டது என்பது உண்மை. கல் உப்பைக் கிண்ணத்தில் வைத்தால் அறை காய்ந்துவிடும் என்ற யோசனை எடுபடாததற்கும் இதே காரணம்தான்: காற்று ஏற்கெனவே கெட்டுப்போன பிறகே அது வேலையைத் தொடங்கும்.

மீட்டரை அறை நடுவில் வைத்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பரணில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றில் எண் ஏறிவிடும். அறை நடுவில் 30 டிகிரியில் 65 சதவீதமாக இருக்கும் காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் 85ஐத் தாண்டிவிடும். ஏசி அறைக்கு அடுத்த அறையில், அந்தப் பொதுச்சுவரில் மட்டும் பூஞ்சை வருவது இதனால்தான்.

ஈரம் எங்கிருந்து?

நாலே வழிதான்: தரையிலிருந்து, மாடியிலிருந்து, குழாயிலிருந்து, நம்மிடமிருந்து. எது என்று தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வைகையில் கரைத்த புளி.

தரையிலிருந்து ஏறும் ஓதம் தரையோடு ஒட்டிய பட்டையாகத் தெரியும், பெரும்பாலும் மூன்று அடிக்குள். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். பலர் அதையே பூஞ்சை என்கிறார்கள். கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்; கரைந்து மறைந்தால் உப்பு, மறையாமல் கறையாக நின்றால் பூஞ்சை. உப்புக்குப் பூஞ்சை மருந்து அடித்துப் புண்ணியமில்லை. ஈர விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு கோடு. எங்கள் ஹால் சுவரில் ஐப்பசி 2, ஐப்பசி 17, கார்த்திகை 3 என்று மூன்று கோடுகள் ஏறின, சின்னப் பிள்ளைகளுக்கு உயரம் குறித்து வைத்ததுபோல.

ஏன் ஏறுகிறது? அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தைத் தடுக்கும் காரை அடுக்கு ஒன்று போட வேண்டும். பழைய வீடுகளில் இருக்காது, புது வீடுகளிலும் சிலர் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு ஒரு சாண் உயர்ந்து, மூன்று படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அதை ஞாபகப்படுத்துவதற்குக் காசு செலவில்லை. செல்லூர், வண்டியூர் போலக் கண்மாயை ஒட்டிய பகுதிகளில், கண்மாய் நிறைந்தால் நிலத்தடி நீரும் மேலே வரும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெருத்தண்ணீர் வடிந்தாலும் சுவர் குடித்த தண்ணீர் தை வரை இறங்காது.

மாடியிலிருந்து வருவது கூரையில் வட்டக் கறையாக, ஓரம் பழுப்பேறித் தெரியும். மழை நின்ற மறுநாள் மாடிக்குப் போய் எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், வடிகுழாய் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த மூன்றிலும்தான் பெரும்பாலும் வினை. ஓடு பதித்த மாடியில் ஒரு சிக்கல்: தண்ணீர் ஒரு இணைப்பில் இறங்கி, ஓட்டுக்கு அடியிலேயே ஓடி, பத்தடி தள்ளிச் சொட்டும். கறைக்கு நேர் மேலே தேடினால் கிடைக்காது. கோடையில் மாடியைச் சிமெண்ட் வரப்பால் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதே நிச்சயமான வழி.

குழாய்க் கசிவுக்கு மாதம் கிடையாது. சித்திரையிலும் அதே இடத்தில் ஈரம் இருந்தால் அது மழை இல்லை. ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் தொடும் முன்னால் பாருங்கள்.

இனி நாம். சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் பிசுபிசுத்தால் அறைக் காற்றிலிருந்து. பலருக்கு இந்த இரண்டாவது பதில்தான் ஆச்சரியம்.

துணி, குளியல், குக்கர்

ஒரு மழைநாளில் வாஷிங் மெஷினில் துணியைப் போடும் முன்பும், பிழிந்து எடுத்த பின்பும் எடை பார்த்தேன். 4 கிலோ துணி 6 கிலோவாக வந்தது. அந்த இரண்டு லிட்டர் தண்ணீரையும், மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஹாலில் கொடி கட்டி ஃபேன் போட்டுக் காற்றுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் காற்று 30 டிகிரியில் மொத்தமாகவே ஒரு லிட்டர் தண்ணீரைத்தான் தாங்கும். மிச்சம் சுவருக்கும் மெத்தைக்கும் போகும்.

ஆகவே மழைமாதத்தில் செய்ய வேண்டியதில் முதலிடம் துணிக்கு. சன்ஷேடுக்கு அடியிலோ, பால்கனியிலோ, மாடிப்படிக் கூண்டிலோ காயட்டும். வேறு வழியே இல்லையென்றால் ஒரே அறையைத் துணிக்கென்று ஒதுக்கி, அதன் ஜன்னலைத் திறந்து, வீட்டுப் பக்கக் கதவைச் சாத்துங்கள். மெஷினில் இரண்டாவது தடவை பிழியவிட்டால் கணிசமாகக் குறையும். கரண்டு செலவு அற்பம்.

குளித்து முடித்ததும் பாத்ரூம் சுவரையும் தரையையும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கதவுக்கு அடியில் விரல்கிடை இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். காற்று உள்ளே வந்தால்தானே வெளியே போகும்? அடுப்படியில் இட்லிப் பானையும் குக்கரும் விடும் ஆவிக்கும் இதே கதைதான். குழாய் இல்லாத சிம்னி எண்ணெயை வடிகட்டிவிட்டு ஆவியைத் திரும்ப உங்கள் முகத்துக்கே அனுப்பும். ஈரத்தைப் பொறுத்தவரை அது சிம்னியே இல்லை.

ஏர்கூலரை ஆவணியோடு மூட்டை கட்டுங்கள். சித்திரையின் வறண்ட காற்றில் அது அமிர்தம், ஐப்பசியில் காசு கொடுத்து வாங்கும் ஓதம்.

ஏசி இருந்தால் 'டிரை' என்ற பொத்தான் இந்த மாதங்களுக்குத்தான். 18இல் வைத்து அறையை ஐஸ் ஆக்கிவிட்டு, காலையில் நிறுத்தி ஜன்னலைத் திறப்பது மோசமான பழக்கம். வெளியே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் வந்து வியர்க்கும். 25, 26 போதும். ஃபேனை 'ஆட்டோ'வில் விடுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் காயிலில் படிந்த தண்ணீர் மறுபடி அறைக்கே வந்துவிடும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி போடுவதும் வீண். சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

ஜன்னலைக் காலையில் திறந்து வைப்பதுதான் நம் வழக்கம். மழைமாதத்தில் அதை மாற்றி, வெயில் தலைகாட்டும் பதினொரு மணியிலிருந்து நாலு மணிக்குள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தூறல் நாளில் சமையலறையும் குளியலறையும் மட்டும் வெளியே மூச்சுவிட்டால் போதும்.

பீரோ, கட்டில், புத்தக அலமாரி எதுவும் வெளிச்சுவரை முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நாலு விரல் இடைவெளி விடுங்கள். கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பீரோவுக்குள் நன்றாக வேலை செய்யும், திறந்த அறையில் வைத்தால் பணம் தண்ணீராகும் (நிஜமாகவே). காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷின் நம் ஊருக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை. நிறையப் புத்தகமோ கேமராவோ வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

பிடித்துவிட்ட பூஞ்சையைத் துடைப்பது

காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். தட்டினால் விதைகள் வீடு முழுக்கப் பறக்கும். ஃபேனை நிறுத்துங்கள், அறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனையுங்கள், பிறகு துணியால் வழித்து எடுங்கள், தேய்த்துப் பரப்ப வேண்டாம். துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு முக்கியமான வேலை: அந்த இடத்தை அன்றைக்கே டேபிள் ஃபேன் வைத்துக் காயவிடுவது. நனைந்த எதுவும் இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிக்காது.

டைல், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற கெட்டிப் பரப்புக்கு பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்குப் பதினாறு பங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். சுண்ணாம்பு, பட்டி, மரம் இவற்றில் மருந்து மேலேயே நிற்கும், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். நல்லது செய்யப்போய்ப் பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றிய கதையாகும். பட்டியில் ஆழமாக ஏறியிருந்தால் சுரண்டி எறிவதுதான் வழி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரோ திரவமோ, அதோடு டாய்லெட் ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடும் கூடாது.

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். அதற்கு மேல் பரவியிருந்தால், அல்லது சாக்கடை கலந்த வெள்ளத்தில் நனைந்திருந்தால், ஆளை வைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும்.

சித்திரை வேலை

ஓதம் ஏறிய சுவரில் கடைசிப் பென்சில் கோட்டுக்கு ஒரு அடி மேலே வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் தெரிய வேண்டும். இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் பெருக்கி அள்ளுங்கள். கழுவினால் திரும்ப உள்ளே போகும். அப்படியே ஆறு வாரமாவது விட வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். காய்ந்ததா என்று தெரிய அதே பாலிதீன் சோதனை. பிறகு தரையை ஒட்டித் துளை போட்டு ஓதத் தடுப்பு மருந்தை ஏற்றி, மறுபூச்சு. வெளிப்பக்கம் சுவரை முட்டி நிற்கும் மண்ணையும் பூச்செடிப் பாத்தியையும் வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சரிவுதான் பாதி வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன்.

டைல் ஒட்டி மறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓதம் டைலுக்கு மேலே ஏறி வந்து எட்டிப் பார்க்கும். கீழ்ப்பகுதியில் ஜிப்சம் பூச்சும் வேண்டாம்.

மாசி வீதிகளைச் சுற்றிய பழைய வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சாய்த்துச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும், மேலே தட்டை ஓடு பதித்திருக்கும். அதன் மேல் சிமெண்ட் தளம் போடாதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் இருக்கும் கட்டையின் முனைகள் மக்கிப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

உள்சுவருக்கு என் ஓட்டு இன்றைக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்குத்தான், குறைந்தபட்சம் தரைத்தளத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும். அது சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தில் பூஞ்சை வேரூன்றத் திணறும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமும் மழை ஓய்ந்த கையோடு வருகிறது பாருங்கள். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்காகக் கஞ்சி சேர்க்க வேண்டாம், பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும்.

துணிமணியும் கடலையும்

கஞ்சி விஷயம் துணிக்கும் பொருந்தும். கஞ்சி போட்ட வேட்டியையும் சுங்குடிச் சேலையையும் மழைக்காலம் முழுக்க மடித்து வைத்தால் புள்ளி விழும். அலசி, கஞ்சியில்லாமல் எடுத்து வையுங்கள். பட்டுச்சேலையைக் கடைக் கவரிலேயே விடாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. புத்தகத்தில் பூஞ்சை தெரிந்தால் நிழலில் விரித்துக் காய வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள்.

நிலக்கடலை, கொப்பரை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் இவற்றில் பூஞ்சை தெரிந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். கெட்டதை மட்டும் பொறுக்கிவிட்டு வறுத்துக்கொள்ளலாம் என்பது தப்பு. சில பூஞ்சைகள் விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயிலிலேயே பருப்பு, புளி, வற்றல் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் ஒரு நாள் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் அடைப்பது நல்லது. சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்க்கும்.

போன ஐப்பசியில் ஹால் சுவரில் பென்சிலுக்கு வேலை வரவில்லை. பாத்ரூமை ஒட்டிய சுவரில் மட்டும் ஒரு கோடு போட்டேன், மாசியிலும் அது இறங்கவில்லை. ஆக, அது குழாய். பிளம்பர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.